உத்திரமேரூர்: கல்வெட்டைப் படித்தவர்கள் ஏரிக்கரையும் ஏறணும்

உத்திரமேரூர் என்றாலே குடவோலைதான். பாடப்புத்தகத்தில் ஆரம்பித்து, 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேசியது வரை அதே குடம், அதே ஓலை. ஊருக்குப் போகிறவர்களும் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் படம் பிடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறிவிடுகிறார்கள். ஏரியை விட்டுவிட்டு அந்தக் கல்வெட்டைப் படித்தால் பாதிதான் விளங்கும் என்பது என் கட்சி.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கிற பேரூராட்சி இது. செய்யாறு ஊரைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிப் போய், திருமுக்கூடலில் வேகவதியோடு பாலாற்றில் கலக்கிறது. அந்த ஆறும் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வெள்ளம் வருகிற சில வாரங்களில் கால்வாய் வழியாகத் தண்ணீரைத் திருப்பித் தேக்கிக்கொண்டால்தான் தை, மாசிக்கு வயலில் பயிர் நிற்கும். அதனால் 8ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் இங்கே சதுர்வேதிமங்கலம், அதாவது வேதம் படித்த பிராமணர்களுக்கான ஊர், அமைந்தபோது, ஏரி இல்லாமல் ஊர் கிடையாது என்கிற நிலைமைதான். கல்வெட்டுகளில் ஏரியின் பெயர் வயிரமேக தடாகம். வயிரமேகன் என்பது தந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர்.

இப்போது கல்வெட்டுக்கு வருவோம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் இரண்டு இருக்கின்றன: 919இல் ஒன்று, 921இல் இன்னொன்று. முதலாவதில் வாரியத்துக்கு, அதாவது ஊர் வேலைகளைக் கவனிக்கிற குழுவுக்கு, வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டே வருஷத்தில் அதை 35க்கு மேல், 70க்குள் என்று மாற்றியிருக்கிறார்கள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இறை, அதாவது வரி, கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவன் மட்டுமா? சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமன், மாமனார் என்று உறவு முறை சொல்லிச் சொல்லி அடைக்கிறார்கள். இவ்வளவு கறாராக எழுதியிருப்பதைப் பார்த்தால், 919 விதியில் எங்கேயோ ஓட்டை விழுந்து யாரோ மச்சானை உள்ளே கொண்டுவந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஊரில் 30 குடும்பு, அதாவது 30 வார்டு. குடும்புக்கு ஒரு கட்டாகப் பெயர் ஓலைகளைக் கட்டிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கணும். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக்கூடாது இல்லையா! தேறிய 30 பேரில் சம்வத்சர வாரியம் என்கிற ஆண்டு வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவி 360 நாள்.

எல்லாரும் தாண்டிப் போகிற வரி ஒன்று உண்டு. சம்வத்சர வாரியத்துக்கு எடுக்கிற 12 பேர், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களாக, கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களாக இருக்கவேண்டும். மேல் வாரியத்துக்குப் போகிற வழியே ஏரிக்கரை மேல்தான் போகிறது.

இதை ஜனநாயகம் என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இது பிரம்மதேய ஊர், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்குத்தான் ஓலை. சேற்றில் இறங்கினவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் கிடையாது. ஆனால் பொதுச்சொத்தை நிர்வாகம் பண்ணுகிறவனைச் சந்தேகத்தோடே பார்க்கணும் என்கிற புத்தி அந்த விதிகளில் இருக்கிறது, அதை மறுக்க முடியாது.

நிலத்துக்கு விலாசம் எழுதின விதத்திலும் தண்ணீர்தான். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதுரம் என்று எழுதுவார்கள். வதி தெற்கு வடக்காகப் போகிற பாதை, வாய்க்கால் கிழக்கு மேற்கு, கண்ணாறு அதிலிருந்து பிரிகிற கிளை. இப்போதைய சர்வே எண்ணில் இந்தச் செய்தி கிடையாது. எண்ணைப் பார்த்தால் பரப்பு தெரியும், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. வாய்க்காலைத் தூர்த்து மனை போடுகிறவனுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

தூர் வாருவது பற்றியும் சொல்லணும். லாரி போக வசதியான இடத்தில் ஆழமாகத் தோண்டிவிட்டு ஏரியை ஆழப்படுத்தினோம் என்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டின குழியில் நிற்கிற தண்ணீர் தானாக மடை ஏறாது. ஆடு மாடு குடிக்கும், பக்கத்துக் கிணறு ஊறும், அவ்வளவுதான். வண்டலை ஏரிப் பரப்பு முழுவதும் சீராக வழிக்கவேண்டும். வரத்துக்கால்வாயையும் சேர்த்து வாரவேண்டும், இல்லையென்றால் தண்ணீரே வந்து சேராது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கலின் மட்டத்தை உயர்த்திக் கொள்ளளவைக் கூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்தால் மேல்பக்கம் இருக்கிற நிலம் முழுகும், பழைய கரை மேல் அழுத்தம் ஏறும். எலி வளை, நண்டு வளை இருக்கிற கரையில் அது ஆபத்து. கரையின் வெளிப்பக்கம் கசிகிற நீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம், உடனே மணல் மூட்டைக்கு ஆள் அனுப்பணும். இதெல்லாம் ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்ட பழைய நீர்க்கட்டிகளுக்கு அத்துப்படி. செங்கல்பட்டுச் சீமையில் கம்புகட்டி என்றும் சொல்வார்கள். இன்றைக்கு அந்த வேலைக்குக் கூலி கொடுக்க ஆள் இல்லை.

உத்திரமேரூர் போகிறவர்கள் முடிந்தால் இரண்டு தடவை போங்கள். மார்கழியில் கலங்கல் வழிகிறதா என்று பார்க்க ஒரு தடவை. சித்திரையில் தண்ணீர் வற்றி மடையின் அடிக்கல் தெரிகிறபோது, அதற்குக் கீழே எத்தனை குழி தோண்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்க்க இன்னொரு தடவை.