அப்பா கடலுக்குப் போறவர்னு சொல்லு தங்கச்சி

முந்தாநாள் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பிள்ளை போன் பண்ணினாள். எம்.பி.ஏ. முடித்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலைக்கு, அதாவது ஆட்களை எடுத்து அவர்கள் சம்பளம், லீவு, புகார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இன்டர்வியூ, ராமேஸ்வரத்தில் ராத்திரி ரயில் ஏறுகிறாள். "அக்கா, வீட்டப் பத்திக் கேட்டா அப்பா பிசினஸ் பண்றாருன்னு சொல்லிரவா?" என்றாள். அவள் அப்பா விசைப்படகுத் தொழிலாளி. ரெண்டு நாளாக அந்தக் கேள்விதான் மனசை அறுக்கிறது.

பதினோரு வருஷமாக எச்.ஆரில் இருக்கிறேன். ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்: நம் கடற்கரைப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை வீட்டில் வைத்துவிட்டு, யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணி வருகிறார்கள்.

"எனக்கு மனுஷங்களோட பழகப் பிடிக்கும்." பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். உடனே நான் கேட்பேன்: "நல்லாப் பழகின ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பச் சொன்னா, அவர்கிட்ட எப்படிப் பேசுவீங்க?" பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

அடுத்தது கணக்கு. இதில் தப்பிக்க முடியாது. ஒரு பே ஸ்லிப்பை, அதாவது மாசச் சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதியில் தொழிலாளி பங்கு 12 சதவீதம். முதலாளி போடும் 12-இல் 8.33 பென்ஷனுக்குப் போகிறது, அதற்கு உச்சவரம்பு 15,000 ரூபாய்ச் சம்பளம். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரை, தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் உடனே நிறுத்துவோமா? மாட்டோம். அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை பிடித்தம் உண்டு. இந்த ஒரு பதிலுக்காகவே ஒரு பையனை அடுத்த ரவுண்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு சம்பவம் சொல்வார்கள். ஒரு பெண் வந்து, மேலதிகாரி தப்பாக நடக்கிறார், யாரிடமும் சொல்லாதீங்க என்று அழுகிறாள். என்ன செய்வீர்கள்? "ரகசியமா வச்சுக்குவேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "நானே மேனேஜர்கிட்ட கேட்பேன்" என்றும் சொல்லாதீர்கள். வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் வருஷச் சட்டப்படி, 10 பேர் வேலை செய்யும் இடத்தில்கூட இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் எழுத்தில் போக வேண்டும், எழுத அவளுக்கு உதவ வேண்டும். தெரிய வேண்டியவர்களைத் தாண்டி அவள் பெயர் வெளியே போகக் கூடாது. முதலில் அவளை உட்கார வைத்துக் கேட்பேன் என்று தொடங்குகிறவரை எனக்குப் பிடிக்கும்.

இப்போது நம் ஊருக்கு வாங்க. டீசல், ஐஸ் செலவு கழித்து மிச்சத்தைப் பங்கு பிரிப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர்கள் நாம். காய்ச்சலில் கடலுக்கு வராதவருக்குப் பங்கு உண்டா, முன்பணம் வாங்கியவர் வேறு படகுக்கு மாறலாமா என்று கரையில் எத்தனை பஞ்சாயத்து! கம்பெனியில் லீவும், இத்தனை காலம் விட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டும் இதுதானே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வருமானமே இல்லாத அந்த ரெண்டு மாதத்தில் நல்ல ஆட்களைப் படகைவிட்டுப் போகாமல் வைத்திருப்பது எப்படி என்று முதலாளிகள் படும் பாட்டைப் பார்த்தவளிடம், ஆட்களைத் தக்கவைப்பது பற்றிப் பாடப்புத்தகப் பதிலை எதற்குக் கேட்க வேண்டும்? அப்பா கடலுக்குப் போகிறார் என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு இதைச் சொல் என்றேன்.

இங்கிலீஷ் தடுமாறினால் பரவாயில்லை, நிதானமாகப் பேசினால் போதும்.

"எப்போ கல்யாணம்?" என்று பெண்களிடம் இன்னும் கேட்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். அது தப்பான கேள்வி. முதல் ரெண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு என்பது சட்டம், கம்பெனி போடும் பிச்சை இல்லை. "வேலை சம்பந்தமாக் கேளுங்க, பதில் சொல்றேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம்.

சம்பளம் பேசும்போது சி.டி.சி.யை, அதாவது கம்பெனி நமக்காகச் செலவழிப்பதாகக் காட்டும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். முதலாளி போடும் பி.எஃப்., வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். மாசம் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் யாருக்காவது இந்த மாதம் இன்டர்வியூ இருந்தால் இன்பாக்ஸுக்கு வாங்க. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மாதான் இருப்பேன், ஒரு பே ஸ்லிப்பை வைத்து வரி வரியாகப் பார்த்துவிடலாம்.