3 பவுண்ட் 5 பென்ஸ்

பிரிட்டனில் வயதானவர்களுக்குக் குளிர்காலத்தில் கொடுக்கும் எரிபொருள் உதவித்தொகை, நாம் எல்லாரும் வின்டர் ஃபியூல் என்று சொல்வது, அது யாருக்குக் கிடைக்கும் யாருக்குக் கிடைக்காது என்ற வரம்பு ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை மாறிவிட்டது. இதைப் பற்றி நம் ஆட்களிடம் பேச்செடுத்தால் "பணக்காரனுக்கு எதற்குக் கொடுக்கணும்" என்பதிலோ "வரி கட்டினவன் எல்லாருக்கும் கொடு" என்பதிலோ முடிந்துவிடுகிறது. வார இறுதிகளில் வயதானவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலையைச் செய்துவருகிறேன், அதனால் எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. வரம்பை எந்தத் தொகையில் வைக்கிறார்கள் என்பது முக்கியம்தான். ஆனால் அந்த வரம்புக்குள் தான் இருப்பதை யார் நிரூபிக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். ஒரு வீட்டில் ஹீட்டர் ஓடுமா ஓடாதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

இந்த உதவித்தொகை 1997இல் கார்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது வந்தது. வருமானம் கேட்கவில்லை, வயதை மட்டும் பார்த்தார்கள். தொகை பிறகு கூடி, ஒரு வீட்டுக்கு 200 பவுண்ட், 80 வயது தாண்டியவர் இருந்தால் 300 பவுண்ட் என்று நின்றது. 2024 ஜூலை 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து, இனிமேல் பென்ஷன் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவிகள் வாங்குபவர்களுக்கு மட்டும்தான் இது என்று அறிவித்தார். அந்தக் குளிர்காலத்திலிருந்தே. சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் வாங்கிக்கொண்டிருந்தது சுமார் 15 லட்சமாகச் சுருங்கும் என்பது அரசின் கணக்கு. ஆண்டுக்குச் சுமார் 150 கோடி பவுண்ட் மிச்சம் என்றார்கள்.

அந்த வரம்பு எங்கே விழுந்தது என்று பாருங்கள். 2024-25இல் தனியாக இருக்கும் ஒருவரின் வருமானத்தை வாரத்துக்கு 218.15 பவுண்ட் வரை நிரப்பிக் கொடுப்பதுதான் பென்ஷன் கிரெடிட். அதே ஆண்டில் புதிய அரச ஓய்வூதியம் முழுசாகக் கிடைத்தால் வாரத்துக்கு 221.20 பவுண்ட். வித்தியாசம் 3 பவுண்ட் 5 பென்ஸ். அதாவது வேறு ஒரு பென்னி வருமானமும் இல்லாமல், அரசு கொடுக்கிற ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழ்கிற ஒரு அம்மா, வேறு எந்தக் கூடுதல் தொகைக்கும் தகுதி இல்லாதவர் என்றால், வரம்பைத் தாண்டிய 'வசதியானவர்' ஆகிவிட்டார். அந்த 3 பவுண்ட் சொச்சம் வருடத்துக்கு 160 பவுண்டைக்கூடத் தொடாது. அதற்காக அவர் இழந்தது 200 பவுண்ட்.  வரம்புக்குக் கீழே இருப்பவர் இவரைவிட நல்ல நிலையில் இருப்பார். இது எப்படி நியாயமான கோடு?

சேமிப்பு விஷயம் இன்னும் கொடுமை. பென்ஷன் கிரெடிட்டுக்குக் கணக்குப் போடும்போது சேமிப்பில் 10,000 பவுண்டுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்ட் வருமானம் வருவதாக வைத்துக்கொள்வார்கள். தன் இறுதிச் சடங்குக்குப் பிள்ளைகளிடம் கை ஏந்தக் கூடாது என்று 15,000 பவுண்ட் சேர்த்து வைத்திருக்கும் ஒருவருக்கு வாரம் 10 பவுண்ட் வருமானம் இருக்கிறது என்று எழுதிக்கொள்கிறார்கள். வருடத்துக்கு 520 பவுண்ட், மேலதிகமாக உள்ள 5,000 பவுண்டுக்கு 10.4 சதவீத வட்டி! எந்த வங்கி கொடுக்கிறது இதை? சிக்கனமாக இருந்ததற்கு ஒரு தண்டனை மாதிரித்தான் இது அவர்களுக்குத் தெரிகிறது, எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

இதெல்லாம் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றவர்கள் கதை. எனக்கு அதிகம் வலிப்பது கோட்டுக்குக் கீழேயே இருந்தும் வாங்காமல் இருப்பவர்கள்தான். தகுதி இருந்தும் பென்ஷன் கிரெடிட் கேட்காத வீடுகள் 8 லட்சத்து 80 ஆயிரம் வரை இருக்கலாம் என்று 2024இல் அரசே சொன்னது. தகுதியுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் அதை வாங்காமல் இருந்தார்கள். அந்த உதவியைத்தான் வின்டர் ஃபியூலுக்கு வாசல் ஆக்கினார்கள். அந்த வாசல் வழியாக எத்தனை பேர் வரமாட்டார்கள் என்று கையில் புள்ளிவிவரம் வைத்துக்கொண்டே ஆக்கினார்கள். தகுதியுள்ள எல்லாரும் அன்றே விண்ணப்பித்திருந்தால் அவர்கள் கணக்குப் போட்ட மிச்சத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும்.

ஏன் கேட்பதில்லை? படிவம் ஒரு காரணம், தாளில் வரும் படிவத்தில் 200க்கும் மேற்பட்ட கேள்விகள், எல்லாவற்றுக்கும் எல்லாரும் பதில் எழுத வேண்டியதில்லை என்றாலும் பார்த்தவுடனே மூடி வைத்துவிடத் தோன்றும். ஆங்கிலம் இன்னொரு காரணம். ஆனால் நம்மிடையே பெரிய காரணம் மானம். "தம்பி, அவங்க தர்ற பென்ஷன் போதும், மேல கேட்டு நிக்கிறது நல்லா இருக்காது" என்று ஒரு ஐயா சொன்னார், அவர் வீட்டில் அப்போது ஹீட்டிங் போட்டிருக்கவில்லை, குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து பேசினோம். நடுத்தர வயதில் இந்த நாட்டுக்கு வந்து, கடையிலும் பெட்ரோல் ஸ்டேஷனிலும் இரவு ஷிஃப்ட் பார்த்து, முதலாளி நேஷனல் இன்சூரன்ஸ் (ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் கட்டணம்) கட்டினாரா இல்லையா என்றுகூடத் தெரியாமல் வயதாகிப்போனவர்கள் நம்மில் நிறைய. புதிய ஓய்வூதியம் முழுசாகக் கிடைக்கப் பொதுவாக 35 வருடப் பதிவு வேண்டும். பிள்ளை வளர்த்து, அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கைக்காசுக்குப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு அந்தப் பதிவு முழுசாக எங்கே இருக்கும்? ஆக நம் வயதானவர்களில் பலரின் ஓய்வூதியம் அந்த வரம்புக்குக் கீழேதான். தகுதி அவர்களுக்கு உண்டு, கேட்க மனம்தான் வருவதில்லை.

வசதியானவர்களுக்கு எதற்கு என்ற கேள்வியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஸ்பெயினில் குளிர்காலம் கழிக்கிற ஒருவருக்கு 200 பவுண்ட் அனுப்புவது எனக்கும் பிடிக்கவில்லை. 2022-23 குளிர்காலத்தில் விலை ஏறியபோது மின் இணைப்பு உள்ள எல்லா வீட்டுக்கும் பில்லில் 400 பவுண்ட் கழித்தார்கள், இரண்டாவது வீடு வைத்திருந்தவர் அதற்கும் சேர்த்து வாங்கினார். அதே திட்டத்தில் முன்கூட்டியே பணம் போட்டு மின்சாரம் எடுக்கும் பழைய ப்ரீபேமென்ட் மீட்டர் வைத்திருந்த ஏழைகளுக்குத் தபாலில் வவுச்சர் வந்தது, அதை எடுத்துப்போய் டாப்-அப் செய்ய வேண்டும், பல லட்சம் வவுச்சர்கள் பயன்படாமலே காலாவதியாயின. எல்லாருக்கும் என்று அறிவித்த உதவியிலும் ஏழைதான் நடந்துபோய் வாங்க வேண்டியிருந்தது, வசதியானவனுக்குத் தானாகவே கணக்கில் விழுந்தது. அதனால்தான் சொல்கிறேன், வரம்பு உண்டா இல்லையா என்பதோடு இந்த விவாதம் நின்றுவிடக் கூடாது.

சரி, 2025 ஜூனில் என்ன செய்தார்கள்? எதிர்ப்பு தாங்காமல் பின்வாங்கி, வரி போடத்தக்க வருமானம் ஆண்டுக்கு 35,000 பவுண்ட் வரை உள்ள எல்லா ஓய்வூதியருக்கும் என்று மாற்றினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 90 லட்சம் பேருக்கு இதனால் கிடைக்கும். எல்லாருக்கும் கிடைத்த பழைய நாட்களோடு ஒப்பிட்டால் மிச்சம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 45 கோடி பவுண்ட்தான். பத்திரிகைகள் இதை அரசியல் தோல்வியாகத்தான் எழுதின. ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை: பணத்தை முதலில் எல்லாருக்கும் தானாக அனுப்பிவிடுகிறார்கள், வருமானம் கூடியவரிடமிருந்து வரித்துறை பிறகு வரிக் குறியீடு (எவ்வளவு வரி பிடிப்பது என்று காட்டும் எண்) வழியாகவோ வரிக் கணக்கு வழியாகவோ திரும்ப எடுத்துக்கொள்கிறது. வேண்டாம் என்பவர் முன்பே எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். படிவம் நிரப்ப வேண்டிய அவசியம் ஏழையிடமிருந்து போய்விட்டது. வரித்துறையிடம் எப்படியும் கணக்கு உள்ளவர் பக்கம் அந்த வேலை போய்விட்டது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே அந்தத் திட்டத்தை நான் ஆதரிக்கிறேன். கோட்டு போட்டு உட்கார்ந்திருந்த அந்த ஐயா யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை, நவம்பரிலோ டிசம்பரிலோ கணக்கில் வந்துவிடும்.

ஆனால் கோடு இன்னும் ஒரே வெட்டாகத்தான் இருக்கிறது. 35,000க்கு ஒரு பவுண்ட் கூடினாலும் முழுத்தொகையும் போய்விடும். அப்புறம், கணக்கு ஆள் வாரியாக, வீடு வாரியாக இல்லை. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் தலா 34,000 வருகிற வீட்டில் மொத்தம் 68,000, அவர்கள் ஒரு பென்னியும் திருப்பித் தர வேண்டாம். கணவரை இழந்து தனியாக இருக்கிற ஒருவருக்கு 36,000 என்றால் 200 பவுண்டும் திரும்பப் போகிறது. ஒரு வீட்டைச் சூடாக்க ஆகும் செலவு இரண்டு பேர் இருந்தாலும் ஒருவர் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், தனியாக இருப்பவர் அதை ஒரே வருமானத்தில் கட்டுகிறார். அவருக்குத்தான் வரம்பு தளர்வாக இருக்க வேண்டும், நடப்பது தலைகீழ்.

படிப்படியாகக் குறைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சைல்ட் பெனிஃபிட்டில் 2024 ஏப்ரலில் இருந்து 60,000 பவுண்ட் வருமானத்தில் ஆரம்பித்து 80,000இல் முழுவதும் திரும்பப் போகும்படி வைத்திருக்கிறார்கள். குறைந்த வருமானக்காரருக்கான யுனிவர்சல் கிரெடிட்டில் சம்பாதிக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைகிறது. சைல்ட் பெனிஃபிட்டைத் திரும்ப எடுப்பதும் அதே வரித்துறைதான். 35,000இலிருந்து 37,000 வரை கூடுகிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 பென்ஸ் என்று எடுத்தால் 200 பவுண்ட் மெல்ல மெல்லக் குறைந்து முடியும், யாரும் ஒரு பவுண்டுக்காக எல்லாவற்றையும் இழக்க மாட்டார்கள். சின்னத் தொகைக்கு இவ்வளவு சிக்கல் எதற்கு என்பார்கள். தொகை சின்னது என்று அதை இழந்தவரிடம் போய்ச் சொல்லட்டும்.

அப்புறம் ஓய்வூதிய வயது வராதவர்கள். நோயோடு நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிற 50 வயதுக்காரருக்கு வின்டர் ஃபியூல் இல்லை. அவருக்குப் பெரும்பாலும் இருப்பது மின் பில்லில் 150 பவுண்ட் கழிக்கும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட், அதுவும் வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவி ஏதாவது வாங்கினால்தான். 2022இலிருந்து மூன்று குளிர்காலத்துக்கு அதற்கு இன்னொரு வடிகட்டி வேறு இருந்தது: வீட்டின் வகை, வயது, பரப்பளவு வைத்துக் கணக்குப் போட்டு 'சூடாக்கச் செலவு அதிகம்' என்று வந்தால்தான் தகுதி. சின்ன ஃப்ளாட்டில் மின்சார ஹீட்டர் வைத்துத் திணறியவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 2025-26 குளிர்காலத்துக்கு அந்த வடிகட்டியை எடுத்துவிட்டார்கள், சுமார் 27 லட்சம் குடும்பங்கள் புதிதாக உள்ளே வந்தன. நல்லது. ஆனாலும் உதவி எதுவும் வாங்காமல், வாங்கும் எல்லைக்குக் கொஞ்சம் மேலே நின்று, இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டுகிற குடும்பத்துக்கு இதில் எதுவும் கிடையாது. எல்லார் பில்லிலும் சேர்த்து வசூலிக்கும் காசில்தான் அந்த 150 பவுண்ட் கொடுக்கப்படுகிறது, அவர்களும் அதைக் கட்டுகிறார்கள். வரித்துறையிடம் அவர்கள் சம்பளமும் மாதாமாதம் இருக்கிறதே, ஓய்வூதியருக்குச் செய்த மாதிரியே இவர்களுக்கும் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்தால் என்ன?

இதைப் படிக்கிற இளையவர்கள் ஒன்று செய்யுங்கள். வின்டர் ஃபியூல் தானாக வந்துவிடுகிறது என்பதால் பென்ஷன் கிரெடிட்டை விட்டுவிடாதீர்கள், அது இன்னும் கேட்டால்தான் கிடைக்கும், கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வரி) உதவிக்கும் அந்த 150 பவுண்டுக்கும் அது ஒரு வழி. உங்கள் அம்மா அப்பாவோ, தெரிந்த பெரியவர்களோ ஓய்வூதிய வயதில் இருந்தால், ஓய்வூதியம் எவ்வளவு வருகிறது, சேமிப்பு எவ்வளவு என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், முதல் தடவை சொல்ல மாட்டார்கள். தகுதி முன்பே இருந்திருந்தால் மூன்று மாதம் பின்னோக்கியும் கிடைக்கும். போனிலேயே விண்ணப்பிக்கலாம். வாரத்துக்கு ஒரு பவுண்ட்தான் கிடைக்கும் என்று கணக்கு வந்தாலும் போடுங்கள், அந்த ஒரு பவுண்டுக்குப் பின்னால் மற்றதெல்லாம் வரும். படிவத்தில் எங்கேயாவது சிக்கினால் எனக்கு எழுதுங்கள்.