யோசேப்பு சொன்னதன் முதல் பாதி

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு அண்ணன் என் தோளில் கை போட்டு, "இன்னுமா தம்பி அந்தக் கேஸைப் பிடிச்சுக்கிட்டு அலையறே? கர்த்தர் கையில விட்டுட்டேன்னு சொல்றே, அப்புறம் கோர்ட்டுக்கும் போறே. ரெண்டுல எதுப்பா?" என்று கேட்டார். நல்ல மனிதர், எனக்குக் கெட்டது நினைக்கிறவர் இல்லை. அங்கே நின்று பதில் சொல்ல வரவில்லை. நாலு நாளாக அதுவே மனதில் ஓடுகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நாங்கள் கே.ஜி.எஃப்.காரர்கள், அதாவது கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கத்தை மூடியபோது அப்பாவுக்கு வந்த பணத்தை, சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று அவர் கடைசிவரை தொடாமலே வைத்திருந்தார். அதோடு நானும் மனைவியும் சேர்த்தது, அவள் நகையை அடகு வைத்தது எல்லாம் போட்டு 7 லட்சம் கொடுத்து லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டை மூன்று வருட லீஸுக்கு எடுத்தோம். பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது பணம் திரும்பி வர வேண்டும், கன்னடத்தில் போக்யம், மதுரைப் பக்கம் ஒத்தி. வீட்டைக் காட்டிக் கொடுத்தவர் எங்கள் சபைக்காரர்தான். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். அந்த வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது, தவணை கட்டிப் பல மாதம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கூட்டிக்கொண்டு போனார்.

ஒன்பதாவது மாதம் கதவில் பேங்க் நோட்டீஸ் ஒட்டினார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. கரண்ட் ஆபீஸ் காகிதம் என்று நினைத்து, ஓரம் காற்றில் தூக்குகிறதே என்று நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி அதை நன்றாக ஒட்டி வைத்திருந்தார். நான் ராத்திரி வேலை முடிந்து வந்து அதைப் படித்துவிட்டு, அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஒப்பந்தம் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியது. ஒரு வருடத்துக்கு மேலே போகிற லீஸ் என்றால் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேங்க் முன்னால் நிற்க அதற்குப் பலம் கிடையாது என்பதெல்லாம் பிறகு வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்து ஆறுதல் சொன்ன ஒருவர் பாக்கி இல்லாமல் யோசேப்பைப் பற்றிச் சொன்னார்கள். சரி, வாடகை வீட்டில் தூக்கம் வராத ராத்திரிகளில் ஆதியாகமம் 37-லிருந்து 50 வரை திரும்பத் திரும்பப் படித்தேன். பதினேழு வயதுப் பையனைச் சொந்த அண்ணன்மாரே 20 வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள். எகிப்தின் ராஜா பார்வோன் முன்னால் நிற்கும்போது அவனுக்கு 30 வயது. நடுவில் 13 வருடம், இது நல்லபடியாக முடியும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருக்கும்போது, அங்கே கூட இருந்த பார்வோனின் பானபாத்திரக்காரனிடம் அவன் பேசுவதைப் பாருங்கள். 'எபிரெயருடைய தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவரப்பட்டேன்' என்கிறான், இங்கே அடைக்கும்படி நான் ஒன்றும் செய்யவில்லை என்கிறான், பார்வோனிடம் என் விஷயத்தைச் சொல் என்று கேட்டுக்கொள்கிறான். கர்த்தர் அவனோடே இருந்தார் என்று அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் எழுதியிருக்கிறது. கர்த்தர் கூட இருக்கிறார், அவனும் முறையிடுகிறான். அது விசுவாசக் குறைவு என்று வேதம் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

கடைசியில் அண்ணன்மார் வந்து யோசேப்பின் காலில் விழும்போது அவன் சொல்கிற வார்த்தையை நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் காலண்டரிலும் பார்க்கலாம், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று. ஆனால் வசனம் அங்கே ஆரம்பிக்கவில்லை. 'நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறது. போனது போகட்டும், நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று அவன் பூசி மெழுகவில்லை. அந்த முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும், ஏமாந்தவன் கையில் கொடுத்து வாயை மூடிக்கொள் என்று சொல்வது எனக்குத் தாங்கவில்லை. ஏமாற்றியவரிடம் போய் ஒருவராவது அந்த முதல் பாதியைச் சொன்னார்களா?

1 கொரிந்தியர் 6-ஐயும் எடுத்துக் காட்டுகிறார்கள், சகோதரன் மேல் வழக்குப் போடலாமா என்று. அதே இடத்தில் பவுல், வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று சபையைப் பார்த்துத்தான் கேட்கிறார். நாங்கள் முதலில் சபை மூப்பர்களிடம்தான் போனோம். இரண்டு முறை கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை, வேறு சபைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஜெபிப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். போலீஸில் சிவில் மேட்டர் என்றார்கள். அதற்குப் பிறகுதான் கோர்ட்.

அப்படியானால் கர்த்தர் கையில் விட்டது என்ன என்று அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். நான் விட்டிருப்பது அந்த மனிதரை. பணத்தைக் கடைசிவரை கேட்பேன், அது அப்பாவின் உழைப்பு. அவருக்கு என்ன ஆக வேண்டும் என்பதை நான் தீர்மானிப்பதில்லை. தாவீது, தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா குகையில் கையில் சிக்கியபோது அவரைத் தொடவில்லை, ஆனால் சும்மாவும் போகவில்லை. வெளியே வந்து கூப்பிட்டு, அறுத்த சால்வைத் தொங்கலைத் தூக்கிக் காட்டி, எல்லாவற்றையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, கர்த்தர் நியாயம் விசாரிப்பார், உம்முடைய பேரில் நான் கைபோடுவதில்லை என்றான்.

இதைச் சொல்வது சுலபம் இல்லை. போன வருடம் எங்களை ஏமாற்றியவரின் மகன் ஹெண்ணூர் ரோட்டில் பைக்கில் விழுந்து கால் உடைந்தபோது, "பாத்தியா, கர்த்தர் சும்மா விடல" என்று எனக்கு மூன்று போன் வந்தது. ஒரு நிமிடம் என் நெஞ்சு குளிர்ந்தது, உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பையன்தான் நாங்கள் குடி வந்த அன்று சிலிண்டரைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏற்றிக் கொடுத்தவன். 'உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே' என்று நீதிமொழிகள் 24-ல் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது, வெட்கமாக இருந்தது. கர்த்தர் ஒரு பையனின் காலை உடைத்து எனக்குக் கணக்குத் தீர்க்கிறார் என்று நான் நம்பவில்லை, தயவுசெய்து என்னிடம் இனி அப்படிப் பேசாதீர்கள்.

அம்மா ராத்திரி ஜெபத்தில் அவர் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறார், அந்தப் பையனின் காலுக்காகவும். பணத்துக்காகவும் அதே ஜெபத்திலேயே கேட்கிறார், 7 லட்சம் என்று தொகையையும் சேர்த்தே சொல்கிறார்.

அடுத்த வாய்தா 14-ம் தேதி, மேயோ ஹால் கோர்ட்டில். அண்ணா, இதைப் படித்தீர்கள் என்றால் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு என்னோடு வாருங்கள். தனியாகப் போய் உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது.