மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

முதன்முதலில் ஒரு கிராஃப்ட் ப்ரூவரிக்கு, அதாவது சின்ன அளவில் பீர் காய்ச்சும் இடத்துக்குப் போனபோது, ஒரு வாய் குடிப்பதற்கு முன்பே திட்டு வாங்கினேன். தரையில் பட்டையாக ஒரு மஞ்சள் கோடு. அதற்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கும் மேலே பளபளவென்று எஃகுத் தொட்டிகள். என் கையில் போன், காலில் செருப்பு. நல்ல படம் கிடைக்கும் என்று கோட்டைத் தாண்டினேன். கை சும்மா இருக்குமா? குடம் வாங்கப் போனவன் போல ஒரு தொட்டியைத் தட்டியும் பார்த்தேன். "அப்படியே நில்லுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. அவர் காட்டிய இடத்தில், என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி ஒரு ஹோஸ் கிடந்தது. காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி கழுவுகிறார்களாம். இணைப்பு நழுவியிருந்தால் கால் வெந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. காசு கொடுத்துக் குடிக்க வந்தவனை இப்படியா அதட்டுவது? அதில் இருந்த நியாயம் உறைக்க இன்னும் இரண்டு மூன்று ப்ரூவரிகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ப்ரூவரி என்பது ஒரு பட்டறை. ஓரமாக நாலு மேசை போட்டு, அங்கே செய்ததை அங்கேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். தச்சுப் பட்டறைக்குப் போனால் உளியை எடுத்து விளையாட மாட்டோம். ஆசாரி அளவெடுக்கும்போது தோளைத் தட்டிப் பேச்சுக் கொடுக்க மாட்டோம். அந்த நினைப்பு ஒன்று இருந்தால் மற்ற மரியாதையெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். குடிக்கிற பீரும் கூடுதலாக ருசிக்கும் என்பது என் அனுபவம்.

இந்தத் தொழிலின் வம்சாவளியே பட்டறை வம்சாவளிதான். அமெரிக்காவில் ஜாக் மெக்காலிஃப் என்று ஒருவர், கடற்படையில் வேலை பார்த்தவர். ஸ்காட்லாந்தில் இருந்த காலத்தில் ஏல் என்ற அங்கத்திய பீர் வகை பிடித்துப்போய், ஊர் திரும்பி 1976ல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்று ஒரு ப்ரூவரி ஆரம்பித்தார். சின்ன அளவில் பீர் காய்ச்ச அப்போது கருவிகளே கிடையாது. பழைய பால் பண்ணைத் தொட்டிகளை வாங்கி, தானே வெல்டிங் செய்து தட்டிக்கொட்டி உருவாக்கினார். 1982ல் அதை மூட வேண்டியதாயிற்று. ஆனால் அதைப் பார்த்துக் கிளம்பியவர்கள் நிறையப் பேர். இன்றைக்கும் பல சிறிய ப்ரூவரிகளில் காலையில் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) மூட்டையைத் தூக்குகிறவரும் மாலையில் நமக்கு ஊற்றித் தருகிறவரும் ஒரே ஆள்தான்.

சரி, அந்த மஞ்சள் கோட்டுக்கு வருகிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிட்டு ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது என்று பள்ளியில் படித்தோம். எவ்வளவு விடுகிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் 1,000 லிட்டர் புளித்து முடிவதற்குள் சுமார் 20,000 லிட்டர் வாயு வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது. பள்ளமான இடத்திலும் தொட்டிக்குள்ளேயும் தேங்கி நிற்கும். வாசனை எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று தொட்டிக்குள் தலையை நீட்டினால் இரண்டு மூச்சில் ஆள் சுருண்டு விழலாம். வருடக்கணக்காக அதே வேலையில் இருந்த தொழிலாளிகளே இப்படி இறந்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணம் நம் விரல். மால்ட் ஊறின சாற்றை, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். அதுவரை கிருமி பற்றிப் பயமில்லை. ஆற வைத்தபின் நிலைமை தலைகீழ். அந்த இனிப்புச் சாறு ஈஸ்டுக்கு எவ்வளவு விருந்தோ, அவ்வளவு விருந்து காட்டுப் பாக்டீரியாவுக்கும். தொட்டியில் மாதிரி எடுக்கும் சின்னக் குழாயின் வாயை விரலால் தடவிப் பார்க்கிறவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஏல் என்றால் இரண்டு மூன்று வார வேலை, குளிரில் மெதுவாகப் புளிக்கும் லாகர் வகை என்றால் ஒரு மாதத்துக்கும் மேலே. யாராவது வேடிக்கை பார்த்ததால் அது சாக்கடைக்குப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? படம் எடுக்க வேண்டுமா, கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். செருப்புக்குப் பதில் ஷூ போட்டுக்கொண்டு போவது நல்லது. தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

இப்போது குடிக்கிற விஷயம். எனக்குப் பிடித்த பகுதி.

சின்னச் சின்னக் கிளாஸ்களில் நாலைந்து வகையை ஒரு பலகையில் வைத்துத் தருவார்களே, அந்த 'ஃப்ளைட்'டில் எதை முதலில் எடுப்பது என்பதில்தான் பாதி இன்பம் இருக்கிறது. என் நண்பர் ஒருவர் எப்போதும் இருப்பதிலேயே கருப்பானதை முதலில் எடுப்பார். பத்து சதவீத ஸ்டவுட், காபித்தூளும் கருகிய சர்க்கரையும் போல அடர்த்தி. அதற்குப் பிறகு லேசான லாகர் வகையான பில்ஸ்னரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி மாதிரி இருக்கு" என்று தள்ளி வைத்துவிடுவார். அந்தப் பில்ஸ்னர் என்ன பாவம் செய்தது? லேசானதில் ஆரம்பித்து, கசப்பானதுக்குப் போய், புளிப்பும் புகைவாசனையும் கனமானதுமாகக் கடைசிக்கு வையுங்கள். நடுநடுவே தண்ணீர். நிறத்தை மட்டும் பார்த்து வரிசை போட்டால் ஏமாறுவீர்கள். வெளிறிய ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஏல்) ஒன்று கருப்பு பீரைவிட இரண்டு மடங்கு கசக்கலாம். ஊற்றுகிறவரிடமே வரிசையைக் கேட்டுவிடுவது உத்தமம். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

குடிப்பதற்கு முன் மோந்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கே எல்லோரும் கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஹாப்ஸின் ஆரஞ்சுத்தோல் வாசனையும் கோதுமை பீரின் வாழைப்பழ வாசனையும் நாக்கில் படுமுன் மூக்குக்குத்தான் வரும். அந்த வாழைப்பழ வாசனைக்கு வாழைப்பழம் எதுவும் போடுவதில்லை, ஈஸ்டே உண்டாக்குகிறது. இதனால்தான் அளவுக்கு மீறிக் குளிர வைத்த பீர் எனக்கு ஆகாது. வாசனை எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி போதும். கனமான ஸ்டவுட் 10 டிகிரிக்கு மேலே வந்தால்தான் வாயைத் திறக்கும். "இன்னும் ஜில்லுன்னு இல்லையா?" என்று கேட்பதற்கு முன், கிளாஸை இரண்டு கைக்குள் பிடித்து ஐந்து நிமிடம் அதற்கு அவகாசம் கொடுத்துப் பாருங்கள்.

நுரையைக் கண்டால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போவதையும் விட்டுவிடலாம். வாசனையை மேலே ஏற்றிக் கொடுப்பதே அதுதான். மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்துதான் அதை நிற்க வைக்கின்றன. எண்ணெய் பட்டால் உடைந்துவிடும். உதட்டுச்சாயம் பட்டாலும் அப்படியே. ஒருவர் கிளாஸில் மட்டும் நுரை சீக்கிரம் அடங்கினால் பீரைக் குறை சொல்லுமுன் கிளாஸின் விளிம்பைப் பார்க்கவும். (நான் மாட்டிக்கொண்டது மீசைக்குத் தடவிய எண்ணெயால். போகட்டும்.)

வெளியில் வெயிலில் மேசை போட்டிருந்தால் ஆசையாக இருக்கும். கிளாஸை மட்டும் நிழலில் வையுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள்களை வெளிச்சம் உடைத்தால் கந்தக நாற்றமுள்ள ஒன்று உருவாகும். நல்ல வெயிலென்றால் சில நிமிடங்களே போதும். பீர் பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் இருப்பதற்கும் இதுவே காரணம். அப்புறம் சென்ட். அதை அடித்துக்கொண்டு வராதீர்கள். உங்கள் மூக்கு மட்டுமில்லை, பக்கத்து மேசையின் மூக்கும் வேலை நிறுத்தம் செய்துவிடும்.

இனி பேச்சு. பீர் காய்ச்சும் ப்ரூவர் கையில் ஹோஸ் இருந்தால் அவரை விட்டுவிடுங்கள். கழுவுவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள், அதைப் பாதியில் விடவும் முடியாது. கை ஓய்ந்து அவராக வந்து நின்றால் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் பாடம் எடுக்காதீர்கள். ஒருமுறை பக்கத்தில் ஒருவர், பழம் போட்ட பீரைப் பார்த்துவிட்டு, "உண்மையான பீரில் நாலே பொருள்தான் இருக்கணும், 1516லேயே பவேரியாவில் சட்டம் போட்டிருக்காங்க" என்று ப்ரூவரிடம் நீட்டி முழக்கினார். ப்ரூவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சட்டத்தில் மூணுதான் சார். பார்லி, ஹாப்ஸ், தண்ணி. ஈஸ்ட் என்னவென்று அப்போ யாருக்கும் தெரியாது" என்றார். பேச்சு அதோடு நின்றது. நான் கிளாஸுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். அந்த நாலு பொருள் கணக்கை நானும் ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

பிடிக்கவில்லை என்றால் சொல்லக்கூடாதா? சொல்லலாம். "இந்தப் புளிப்பு எனக்குப் பழக்கமில்லை" என்பது ஒரு ரகம். "இது கெட்டுப்போச்சு" என்று கூடத்துக்கே கேட்கக் கத்துவது வேறு ரகம். நிஜமாகவே குறை இருந்தால், லாகரில் வெண்ணெய் வாசனை தூக்கலாக அடித்தால், கவுன்டர் பக்கம் போய் மெதுவாகச் சொல்லுங்கள். அது ஈஸ்ட் வேலையை முடிக்காததாலும் இருக்கலாம், குழாயைச் சரியாகக் கழுவாததாலும் இருக்கலாம். அவர்களுக்கு அது உபயோகமான தகவல். ருசி பார்க்க ஒன்றிரண்டு வகையில் கொஞ்சம் கேட்பதும் தப்பில்லை. பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது எட்டு வகையை ஓசியில் ருசி பார்த்துவிட்டு, "யோசிச்சுட்டு வர்றேன்" என்று நழுவுகிற ஆளாக மட்டும் இருக்க வேண்டாம்.

எவ்வளவு குடிக்கிறோம் என்ற கணக்குதான் இந்தச் சின்னக் கிளாஸ்களில் தவறிப்போகும். 120 மில்லி பத்து சதவீத ஸ்டவுட்டும் 240 மில்லி ஐந்து சதவீத லாகரும் ஆல்கஹாலில் ஒன்று. நாலு கிளாஸ் குடித்துவிட்டு, 'மாதிரிதானே பார்த்தோம்' என்று வண்டிச் சாவியை எடுக்கிறவர்களிடம் நான் தயவுதாட்சண்யம் பார்ப்பதில்லை. வண்டி ஓட்டாமல் போக வழி இல்லாவிட்டால் போகாதீர்கள். கூட வந்தவர் குடிக்காதவராக இருந்தால் அவரை வற்புறுத்தவும் வேண்டாம். மால்ட்டை மென்று பார்க்கலாம், ஹாப்ஸை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்க்கலாம். ஒரு சொட்டுக் குடிக்காமல் என்னைவிட அதிகம் தெரிந்துகொண்டு திரும்பியவர்கள் உண்டு. பலகையில் ஒன்று பிடிக்கவில்லையா, அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். காசு கொடுத்தாச்சே என்று கண்ணை மூடிக்கொண்டு முழுங்குவதில் என்ன இருக்கிறது?

என்னை அதட்டியவரின் ப்ரூவரிக்கு ஒன்றரை வருடம் கழித்து மறுபடி போனேன். ஷூ போட்டுக்கொண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம். அவருக்கு என்னை ஞாபகமில்லை. அன்றும் ஏதோ கழுவிக்கொண்டிருந்தார். நான் ஒரு பில்ஸ்னரை வாங்கிக்கொண்டு, அவர் ஹோஸைச் சுருட்டி மாட்டும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூட்ஸைக் கழுவிவிட்டு வந்தவரிடம், அந்தக் கடைசித் தொட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் போய், மாதிரிக் குழாயின் வாயில் சானிட்டைசர் அடித்து, ஒரு சின்னக் கிளாஸில் மங்கலாகக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். மோந்தேன். பச்சை ஆப்பிள் வாசனை.

"ஆப்பிள் அடிக்குதே" என்றேன், தயங்கித் தயங்கி.

"அடிக்கத்தான் செய்யும். இன்னும் பத்து நாள் ஈஸ்டுக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, கிளாஸை வாங்கி அவரும் ஒரு முறை மோந்து பார்த்தார்.