யாரைக் கழிச்சு இந்தக் கணக்கு?

ஞாயித்துக்கிழமை திரையிடல்ல என்ன நடந்துச்சுன்னு இங்க பாதி பேருக்குத் தெரியும், வீடியோவும் சுத்துது. 'விக்ரம் வேதா' (2017) படத்துல போலீஸ் ரவுடிங்களச் சுட்டுக் கொல்லுற என்கவுன்டர் காட்சிய வச்சு, "பயன்பாட்டுவாதப்படி, அதாவது நெறைய பேருக்கு நன்மைன்னா அதான் சரிங்கிற தத்துவப்படி, இது சரி, ஒரு ரவுடி செத்தா ஆயிரம் பேர் நிம்மதியா தூங்குவாங்க"ன்னாரு அங்க பேசுன சார். வடசென்னை வியாசர்பாடிலேர்ந்து போன நான் கை தூக்குனதும், "நீங்க வியாசர்பாடி, உங்களுக்கு இது எமோஷனல்"னு சிரிச்சாரு. கூடவே அரங்கமும் சிரிச்சுது.

சரி, எமோஷன் இல்லாமலே பேசுவோம்.

ஒவ்வொரு ஆளும் ஒண்ணு, யாரும் ஒண்ணுக்கு மேல இல்லங்கிறது பயன்பாட்டுவாதத்துக்கு அடிப்படை போட்ட பெந்தாமோட கணக்கு. அவரு வழியில வந்த மில் 1861ல அத எடுத்து எழுதுறாரு. அப்போ படத்துல சாகுற புள்ளிங்கிற பையனும், ரவுடி வேதாவோட தம்பி, ஒண்ணுதான். அவன் கையில ஆயுதமே இல்ல, செத்த பிறகுதான் ஆயுதம் வச்சிருந்தவனா ஆக்குறாங்க. அவன் உசுரு, அவன் அண்ணன், போலீஸ்னாலே நடுங்குற ஒரு தெரு, இதெல்லாம் உங்க கூட்டல்ல எங்க? நீங்க பேசுனது பயன்பாட்டுவாதமே இல்ல சார். எங்களக் கழிச்சுட்டுப் போட்ட கணக்கு.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1785ல கேட்டது, நீ செய்யறத எல்லாருக்குமான சட்டமா ஆக்கச் சம்மதமான்னு. "சந்தேகம் வந்தா சுடலாம்"னு போடுங்க. வசதியானவங்க இருக்குற பெசன்ட் நகர்லயும் அதே சட்டம். சம்மதமா?

என் சித்தி பையன் நைட் ஷிப்ட் முடிச்சு வர்றப்ப நிறுத்துனாங்க. டிபன் பாக்ஸத் தொறந்து பாத்து, மூஞ்சிய போன்ல படம் புடிச்சு, விடியற வரைக்கும் ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்க. ஏட்டு தன்மையாத்தான் சொன்னாராம்: "பத்து பேரப் புடிச்சா ஒருத்தன் சிக்குவான் தம்பி, தப்பா எடுத்துக்காத." அவரு பெந்தாம் படிச்சிருக்க மாட்டாரு. மிச்ச ஒம்பது பேரு என்ன பாவம் பண்ணாங்கன்னு அவருக்கும் தோணல, படிச்ச சாருக்கும் தோணல. இவன் இன்னிக்கும் அந்த ரோட்ட விட்டுட்டு சுத்தித்தான் வர்றான்.

"ரவுடி வெட்டிச் செத்தவன் வீட்ல போய் கான்ட் பேசுவியா?"ன்னு வருவீங்க. செத்தவனும் எங்க தெருக்காரன்தான் பாஸ். அந்தச் சாவுக்குப் போறது நாங்க, நீங்க இல்ல. வெட்டுனவன உள்ள தள்ளுன்னு கேக்குறதும் நாங்கதான். என்கவுன்டர் சாவுன்னா எஃப்ஐஆர் போட்டுத் தனியா விசாரிக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2014லயே சொல்லிடுச்சு. அதுவும் எமோஷனா?

"கொலைகாரன் வந்து 'அவன் எங்க ஒளிஞ்சிருக்கான்'னு கேட்டாலும் பொய் சொல்லாதன்ன ஆளாச்சே கான்ட்?" ஆமா, சொன்னாரு. அதுல எனக்கும் அவரோட ஒத்துப்போகல. விடுங்க.

மனுஷன வெறும் கருவியா நடத்தாதன்னாரே, எனக்கு அது போதும். ஊருக்குக் கரண்ட் வேணும், அனல்மின் நிலையச் சாம்பல் எங்க பக்கத்து கொசஸ்தலை ஆத்துக்கு. ஊரு பளிச்சுனு இருக்கணும், குப்பை கொடுங்கையூருக்கு. 2023 டிசம்பர்ல எண்ணூர்ல அமோனியா கசிஞ்சு நடுராத்திரி புள்ளைங்களத் தூக்கிட்டு ஓடுனாங்களே, அந்த ஆயிரம் பேரோட தூக்கம் எந்தக் கணக்குல சார் வரும்? படத்த விட்டு எங்கயோ போறேன்னு தெரியுது. போறேன், என்ன இப்போ?

கமெண்ட்ல "உணர்ச்சிவசப்படாதீங்க தோழர்"னு எழுத வர்றவங்க, அந்த வீடியோவுல எந்த எடத்துல சிரிச்சீங்கன்னு பாத்துட்டு வாங்க.