வவுச்சர் என்ற வார்த்தையைக் கேட்டதும் போனை வைத்துவிடாதீர்கள்

இந்த வாரம் எங்கள் நியூ ஜெர்சி தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். எடிசனில் இருக்கும் டவுன்ஹவுஸை முதல் தடவையாக வாடகைக்கு விடப் போகிறாராம். செக்‌ஷன் 8 வவுச்சர், அதாவது வருமானம் குறைந்த குடும்பங்களின் வாடகையில் ஒரு பங்கை அரசு தரும் உதவி, வைத்திருக்கும் ஒரு அம்மா கூப்பிட்டாராம். என்ன செய்யலாம்? பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. "வேண்டவே வேண்டாம்." "வீட்டை நாசம் பண்ணிடுவாங்க." "வேற ஆள் வந்துட்டாங்கன்னு சொல்லிடுங்க." படித்துவிட்டு எனக்கு மனசே ஆறவில்லை. நான் எழுதிய பதில் அந்தக் கூட்டத்தில் காணாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த மூன்றாவது யோசனை இங்கே சட்ட விரோதம். வாடகைப் பணம் வவுச்சரிலிருந்து வருகிறது என்பதற்காக வீடு தர மறுப்பதை நியூ ஜெர்சியின் பாகுபாடு எதிர்ப்புச் சட்டம் தடுக்கிறது. "தமிழ்க் குடும்பம் மட்டும்" என்று விளம்பரம் போடுகிறோமே, அதுவும் 1968-ல் வந்த அமெரிக்கக் கூட்டரசின் (ஃபெடரல்) நியாய வீட்டுவசதிச் சட்டப்படி தப்பு. எந்த நாட்டுக்காரர் என்று பார்த்து வீடு கொடுக்கக் கூடாது.

எங்கள் கதையைச் சொல்கிறேன். 2018-ல் வேறு ஊருக்குக் குடிபோனபோது எடிசன் வீட்டை விற்க மனமில்லாமல் வாடகைக்கு விட்டோம். முதலில் வந்தவர்கள் நண்பருக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம். நம்ம ஆட்கள்தானே என்று கிரெடிட் பார்க்கவில்லை, முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டெபாசிட்டை வாங்கி எங்கள் சொந்தக் கணக்கிலேயே போட்டு வைத்தோம். எட்டு மாதத்தில் அவருக்கு வேலை போயிற்று. இரண்டு மாத வாடகை நின்றது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வேலை போவது யாருக்கும் நடக்கும். ஆனால் பிரச்சினை வந்தபோதுதான் நாங்கள் செய்த தவறு தெரிந்தது. இங்கே ஒன்றரை மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. வாங்கியதை வட்டி தரும் தனிக் கணக்கில் போட்டு, எந்த வங்கி என்று முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த டெபாசிட்டை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளும்படி குடியிருப்பவர் எழுதிக் கேட்கலாம். அவரும் அதைத்தான் கேட்டார். சட்டம் அவர் பக்கம் இருந்தது.

2019 கடைசியில் அடுத்த விளம்பரம் போட்டோம். ஒரு பெண் கூப்பிட்டார். எத்தனை பெட்ரூம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எதையுமே கேட்கவில்லை. "வவுச்சர் வாங்கிக்கொள்வீர்களா?" என்றுதான் ஆரம்பித்தார். வாங்கிக்கொள்வோம் என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அந்த அமைதி எனக்குத் தெரிந்ததுதான். அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல் ஆனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு டு-லெட் போர்டு தொங்கிய வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறேன். உள்ளே போய் அறையைப் பார்ப்பதற்கு முன்பே "நீங்க சைவமா? சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" என்பார்கள். எந்த ஆட்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை கேள்வியும். பதிலைக் கேட்டதும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும். அப்பா சரிங்க என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவார். அதே வாக்கியத்தை நான் இன்னொருவரிடம் சொல்ல மாட்டேன்.

வவுச்சர் என்றால் என்ன என்று தெரியாமலே பலர் பயப்படுகிறார்கள். செக்‌ஷன் 8 என்பது 1937 வீட்டுவசதிச் சட்டத்தில் 1974-ல் சேர்த்த எட்டாவது பிரிவிலிருந்து வந்த பெயர். குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தருவார். மீதியை ஹவுசிங் அதாரிட்டி என்ற உள்ளூர் வீட்டுவசதி அமைப்பு மாதாமாதம் நேராக நம் கணக்கில் போட்டுவிடும். பணம் கூட்டரசினுடையது. வவுச்சர் கிடைக்கவே பல ஊர்களில் வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். கிடைத்த பிறகும் வீடு தேடக் குறிப்பிட்ட காலம்தான், முதலில் குறைந்தது 60 நாள். நீட்டித்தும் கிடைக்கவில்லையென்றால் வவுச்சர் போய்விடும். இதில் ஒவ்வொரு "வேற ஆள் வந்துட்டாங்க"வும் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

கஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. படிவம் அனுப்பி, இன்ஸ்பெக்‌ஷன் நடந்து, ஒப்பந்தம் கையெழுத்தாக ஆறு வாரம் ஆனது. அதுவரை வீடு காலி. கேட்ட வாடகை அக்கம்பக்கத்து வாடகைக்கு ஒத்துப்போகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். எங்களிடம் 75 டாலர் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தோம்.

இன்ஸ்பெக்டர் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கையில் சின்ன டெஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் செருகி, அதிலுள்ள மூன்று விளக்கும் எப்படி எரிகிறது என்று பார்த்தார். ஜன்னல் ஒவ்வொன்றையும் திறந்து, கொக்கி பிடிக்கிறதா என்று தானே இழுத்துப் பார்த்தார். பேஸ்மென்ட் படிக்கட்டில் கைப்பிடி இல்லை. ஏழு வருடம் அந்தப் படியில் துணிக்கூடையோடு ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. ஃபெயில் போட்டுவிட்டுப் போனார். என் கணவர் சனிக்கிழமை கடைக்குப் போய் மரக் கைப்பிடி வாங்கிவந்து மாட்டினார். அடுத்த வாரம் பாஸ்.

குடிவந்தவர் ஒரு பள்ளி கேன்டீனில் வேலை செய்பவர். இரண்டு பையன்கள். முன்பு இருந்த வீட்டுக்காரர்கள் இரண்டு பேரிடமும் நான் பேசினேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். வவுச்சருக்குத் தகுதியா என்பதைத்தான் அதாரிட்டி பார்க்கும், வீட்டை எப்படி வைத்திருப்பார் என்று விசாரிப்பது நம் வேலை. எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்விகளை இவரிடமும் கேளுங்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. அவருக்கு வேலை நேரம் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. அந்தச் சமயத்தில் வாடகை வராமல் தவித்த வீட்டுக்காரர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். வாடகை பாக்கிக்காக யாரையும் வெளியேற்ற முடியாதபடி மாநிலத்தில் தடையும் இருந்தது. எங்களுக்கு என்ன ஆனது என்றால், அவர் வருமானம் குறைந்ததை அதாரிட்டிக்குத் தெரிவித்தார், அவர் பங்கைக் குறைத்து, குறைந்ததைத் தங்கள் பங்கில் கூட்டிக்கொண்டார்கள். எங்களுக்கு வந்த மொத்தத் தொகை மாறவே இல்லை.

அப்புறம், வேறொரு விஷயத்தையும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: "கையில தனியா கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கலாமா?" கூடாது. லீஸில் உள்ளதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் ஒப்பந்த மீறல். அதைவிட, மாதக் கடைசியில் மளிகைக்கு எண்ணி எண்ணிச் செலவு செய்யும் ஒருவரிடம் அதை எப்படிக் கேட்க முடிகிறது?

வீட்டை நாசம் செய்வார்கள் என்ற பயத்துக்கும் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு கதவில் ஓட்டை விழுந்தது. பெரிய பையன் பந்து விளையாடியபோது. அன்று மாலையே போட்டோ எடுத்து அனுப்பி, கதவுக்கு எவ்வளவு என்று கேட்டது அந்த அம்மாதான். முதல் குடும்பம் காலி செய்தபோது அடுப்புக்குப் பின்சுவர் முழுக்க எண்ணெய் படிந்திருந்தது, அதற்கு யாரும் போட்டோ அனுப்பவில்லை.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். எடிசன், பிஸ்கட்டவே பக்கம் முதல் தடவையாக வீடு விடப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் என்னென்ன பார்த்து வைக்க வேண்டும், டெபாசிட் கடிதம் எப்படி எழுத வேண்டும், நகராட்சியில் எங்கே பதிய வேண்டும், வீட்டு இன்ஷூரன்ஸை எப்போது மாற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பிவைக்கிறேன். குழுவில் கேள்வி கேட்டவருக்கும் நேற்று இரவே அனுப்பிவிட்டேன். அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.