அடித்தளத்தையும் கற்பிக்க வேண்டும்

ஜாவாவில் சர்வர் நிரல் எழுத வருபவர்கள் ஸ்பிரிங் பூட் போன்ற திறமூல நூலகங்களைக் கற்றாலே போதும், அடியில் உள்ள சர்வ்லெட்டையும் (வலைக் கோரிக்கைகளைக் கையாளும் ஜாவா அடிப்படை) ஜேடிபிசியையும் (தரவுத்தளத்தோடு பேச உதவும் ஜாவா இடைமுகம்) அறியத் தேவையில்லை என்று ஜாவா பற்றிய தொடர் கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

காரைக்குடியில் இருந்துகொண்டு, ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றுக்கு ஆர்டர்களையும் இருப்பையும் பதியும் நிரலை எழுதினேன். முன்பணம் வரவாகியும் இருப்பு குறையாமல் நின்ற சில பதிவுகளை மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் கண்டேன். டிரான்ஸாக்‌ஷனல் என்ற குறிப்பை உரிய மெத்தடின் மேல் இட்டிருந்தேன். தொடர்புடைய தரவுத்தளக் கட்டளைகள் எல்லாம் ஒன்றாக நிறைவேற வேண்டும், இல்லையேல் எதுவுமே நிறைவேறக் கூடாது என்பதற்கான குறிப்பு அது. ஆனால் அதே கிளாஸின் இன்னொரு மெத்தடிலிருந்து அதை அழைத்திருந்தேன். ஸ்பிரிங் இயல்பாக அந்தக் குறிப்பை வெளியிலிருந்து வரும் அழைப்பை இடைமறிக்கும் ஒரு பிராக்ஸி ஆப்ஜெக்ட் வழியாகவே நிறைவேற்றுவதால், உள்ளிருந்து செல்லும் அழைப்பு பிராக்ஸியைத் தொடுவதில்லை. ஆகவே டிரான்ஸாக்‌ஷன் தொடங்கவே இல்லை, ஒவ்வொரு எஸ்கியூஎல் கட்டளையும் தனித்தனியே கமிட் (நிலையாகப் பதிவு) ஆகிவிட்டது; இடையில் பிழை எழுந்தபோது வரவு மட்டும் பதிவில் நின்றது. டிரான்ஸாக்‌ஷன் தொடங்கியிருந்தாலும், செக்டு எக்ஸெப்ஷன் (நிரலில் கையாளவோ அறிவிக்கவோ வேண்டிய பிழை வகை) எழும்போது ரோல்பேக் செய்ய (மாற்றங்களைத் திரும்பப் பெற) வேண்டும் என்று நாம் தனியே குறிப்பிடாவிட்டால் ஸ்பிரிங் பொதுவாகக் கமிட்டே செய்யும். ஜேடிபிசியில் ஆட்டோகமிட்டை நிறுத்தி, கமிட்டையும் ரோல்பேக்கையும் ஒருமுறையேனும் கையால் எழுதிப் பார்த்தவருக்கு இந்தப் பிழை விரைவில் புலப்பட்டிருக்கும்.

கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து பேரேடு எழுதிப் பழகிய பிறகே அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவர்) ஆகும் வழக்கம் இருந்த ஊர்ப்பக்கம் இது. நிரலெழுதுவதிலும் அடிப்படையே முதலில் வேண்டும். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3, ஜாவா 17ஐக் கட்டாயமாக்கியதோடு சர்வ்லெட் முதலியவற்றின் பெயர்கள் javax என்று தொடங்கிய நிலையிலிருந்து ஜகார்த்தா (jakarta) பெயர்வெளிக்கும் மாறியபோது, சர்வ்லெட் பற்றிய அறிவே எனக்குக் கைகொடுத்தது. அடுத்த பகுதியில் பிராக்ஸி இயங்கும் முறையை ஆசிரியர் விளக்க வேண்டுகிறேன்.